புரொபேஷன்: நன்னடத்தையா, நடத்தைகாண் பருவமா?

எங்க தெருவுல ஒரு அக்கா வந்து கேட்டாங்க, "தம்பி, பையன் கேஸ நன்னடத்தையில முடிச்சுத் தர்றேன்னு வக்கீல் சொல்றாரு, அப்ப அவன் உள்ள போயி ஒழுங்கா இருந்தா சீக்கிரம் விட்டுருவாங்கன்னு அர்த்தமா?"ன்னு. கோயில் திருவிழாவுல நடந்த அடிதடி, பையனுக்கு 20 வயசு, முதல் கேஸ். வக்கீல் சொன்னது புரொபேஷன், அதுல ஜெயிலுக்கே போக வேண்டியதில்ல. அக்கா தப்பா புரிஞ்சுக்கிட்டதுல அவங்க குத்தம் எதுவும் இல்ல, நன்னடத்தைங்கிற சொல்லுதான் அப்படிப் புரிய வைக்குது.

யோசிச்சுப் பாருங்க, இந்த ஒரு சொல்ல எத்தன எடத்துல போட்டு வெச்சிருக்கோம். ஸ்கூல் முடிச்சா குடுக்குறது நன்னடத்தைச் சான்றிதழ். ரவுடி லிஸ்ட்ல இருக்குறவங்கள கூப்பிட்டு எழுதி வாங்குறது நன்னடத்தை பிணை. ஆயுள் தண்டனைக் கைதி பல வருஷம் கழிச்சு வெளிய வந்தா பேப்பர்ல "நன்னடத்தை அடிப்படையில் விடுதலை"ன்னு போடுவாங்க, அது ரெமிஷன், அதாவது தண்டனைக் குறைப்பு, கவர்மெண்ட் குடுக்குறது. புரொபேஷன் இது எதுவுமே இல்ல. குத்தம் நிரூபணம் ஆன பிறகு, தண்டனைய அறிவிக்காம, உனக்கு இவ்வளவு காலம் தர்றேன், ஒழுங்கா இருந்து காட்டுன்னு கோர்ட்டே வெளிய விடுறது. அத கவனிக்கிற ஆபீசருக்குப் பேரு நன்னடத்தை அலுவலர். இலங்கையிலயும் அந்தத் திணைக்களத்துக்கு நன்னடத்தைன்னுதான் பேரு.

சொல்லோட வேரு லத்தீன். ப்ரொபாரே-ன்னா சோதிச்சுப் பாக்குறது, பொன்ன உரைகல்லுல உரசிப் பாப்பாங்கல்ல, அந்த மாதிரி. ப்ரூவ், ப்ரூஃப், அப்ரூவ் எல்லாமே இதோட சொந்தக்காரங்க. அந்த ப்ரொபாரேக்குப் பின்னாடி ப்ரொபுஸ்னு ஒரு சொல் இருக்கு, அதுக்கு நல்ல, நேர்மையானன்னு பொருள். அதனால நன்னடத்தைன்னு மொழிபெயர்த்தவங்க சும்மா அடிச்சு விடல, வேர்ல ஒரு பாதிய புடிச்சிருக்காங்க. ஆனா விட்டுட்ட பாதி, அந்த "சோதிச்சுப் பாக்குறது", அதுதான் இந்தச் சொல்லுக்கு உயிரு.

கோர்ட்டுக்கு இந்தச் சொல் வந்த கதை ஒரு செருப்புத் தைக்கிற தொழில்காரர்கிட்ட ஆரம்பிக்குது. ஜான் அகஸ்டஸ், அமெரிக்காவுல பாஸ்டன் ஊர்க்காரர், பூட்ஸ் செய்யறவர். 1841ல போலீஸ் கோர்ட்ல ஒரு குடிகாரர கொண்டு வந்து நிறுத்துறாங்க, இவரு எந்திரிச்சு நான் ஜாமீன் நிக்கிறேன்னு அவர கூட்டிட்டுப் போறாரு, மூணு வாரம் கழிச்சு திரும்ப கூட்டிட்டு வந்தா ஆள் தெளிஞ்சு வேற மாதிரி இருக்காரு, ஜட்ஜ் ஒரே ஒரு சென்ட் அபராதமும் கோர்ட் செலவும் போட்டு அனுப்பிட்டாரு. அப்புறம் 1859ல சாகுற வரைக்கும் அவருக்கு இதே வேலைதான், 1,900 பேருக்கு மேல ஜாமீன் நின்னாரு. யோக்கியன்னு தெரிஞ்சவங்களுக்கு அவரு நிக்கல, இன்னும் தெரியாதவங்களுக்குத்தான் நின்னாரு. 1878ல மாசசூசெட்ஸ் மாகாணம் இத சட்டமாவே ஆக்கிச்சு.

நம்ம பக்கம் மெட்ராஸ் மாகாணம் 1936லயே இதுக்குச் சட்டம் போட்டுருச்சு, அப்புறம் நாடு முழுக்க வந்தது 1958 சட்டம். அதுல 3ஆவது பிரிவு சின்னத் திருட்டு, ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குத்தம் மாதிரி விஷயங்கள்ல முதல் தடவ மாட்டினவங்கள எச்சரிச்சு விடலாம்னு சொல்லுது. 4ஆவது பிரிவு இன்னும் பெருசு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குத்தமா இல்லாத வரைக்கும், பாண்டு எழுதி வாங்கிட்டு அதிகபட்சம் மூணு வருஷம் கண்காணிப்புல விடலாம், அதுக்குள்ள மீறினா கூப்பிட்டு பழைய குத்தத்துக்கே தண்டனை குடுக்கலாம். 21 வயசுக்குக் கீழ உள்ளவங்கன்னா ஜெயிலுக்கு அனுப்பறதுக்கு ஏன்னு காரணம் எழுதணும்னு 6ஆவது பிரிவு ஜட்ஜையே கட்டிப் போடுது. ஆனா எத்தன பேரு இத கேக்குறாங்க? "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வா, அலையாத"ன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எங்க ஊர்ல ஒரு பையன் அப்படித்தான் ஆயிரம் ரூபா கட்டிட்டு மறந்துட்டான், நாலு வருஷம் கழிச்சு வேலைக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் வந்தப்பதான் அது தண்டனைன்னே அவனுக்குத் தெரிஞ்சுது.

இங்கதான் 12ஆவது பிரிவு வருது, எனக்கு இந்தச் சட்டத்துல ரொம்ப முக்கியமா படுறது இதுதான். 3, 4 பிரிவுல விடப்பட்டவங்களுக்கு, அந்தத் தீர்ப்பால சட்டப்படி வர்ற தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது. ஆனா இத வெச்சு தீர்ப்பே அழிஞ்சு போச்சுன்னு நெனச்சிடாதீங்க, அப்ளிகேஷன்ல கேட்டா உண்மையச் சொல்லித்தான் ஆகணும், மறைச்சா அதுவே தனி வினையாயிரும். வேலைய விட்டு எடுக்கறதையும் இது தானா தடுக்காது. டெல்லி பால் விநியோகத் திட்டத்துல ஒரு கேஷ் கிளர்க், 500 ரூபா விஷயத்துல மாட்டி, பணத்த திருப்பிக் கட்டி, மாஜிஸ்திரேட் அவர் நிலமைய பாத்து புரொபேஷன்ல விட்டாரு, ஆனா 1964ல வேலை போயிருச்சு. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு. டிஸ்மிஸ்ங்கிறது இந்தப் பிரிவு சொல்ற தகுதியிழப்பு இல்லதான், ஆனா இந்தத் தண்டனை நியாயமே இல்லன்னு சொல்லி, வேலை இல்லாம இருந்த அத்தன வருஷச் சம்பளத்தையும் குடுத்து திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னாங்க. வருஷம் 1985. ஒரு மனுஷனோட 21 வருஷம்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். சொல் நம்மகிட்ட இல்லாம இல்ல, இருக்கு, ஆனா அத வேற ஆளுக்கு எடுத்து வெச்சிட்டோம். கவர்மெண்ட் வேலையில புதுசா சேர்ந்தவருக்கும் இங்கிலீஷ்ல இதே புரொபேஷன்தான், அவருக்கு நாம சொல்றது தகுதிகாண் பருவம். எவ்வளவு அழகான சொல்! காண் பருவம்னா வினைத்தொகை, கண்ட, காண்கின்ற, காணும்னு மூணு காலமும் அதுக்குள்ள இருக்கு. நன்னடத்தை பண்புத்தொகை, நன்மையான நடத்தைன்னு முன்னாடியே முடிவு கட்டிருது. வேலைக்குச் சேர்ந்தவர பொறுத்திருந்து பாக்கலாம்னு சொல்ற மொழி, தடுக்கி விழுந்தவன்கிட்ட மட்டும் நல்லவன்ங்கிற சர்டிபிகேட்ட மொதல்லயே கேக்குற மாதிரி இருக்கு. அதான் நான் சொல்றது, கோர்ட் புரொபேஷனுக்கு நடத்தைகாண் பருவம்னு வெப்போம். அலுவலர் நடத்தைகாண் அலுவலர். "நன்" போயி "காண்" வந்தா போதும், பழைய சொல்லு பழகினவங்களுக்கும் புரியும், ரெமிஷனோடயும் ரவுடி பாண்டோடயும் கொழப்பிக்க மாட்டாங்க. பாண்டு, ஜாமீன்தாரர் எல்லாம் இருக்குற மாதிரியே இருக்கட்டும், அது எல்லாருக்கும் புரியுற சொல்லுதான்.

அந்த அக்காவுக்கு இவ்வளவும் சொல்லல, ஜெயில் இல்லக்கா, வெளிய வெச்சு பாப்பாங்கன்னு மட்டும் சொன்னேன். கோர்ட் ரிப்போர்ட் கேட்டா அலுவலர் வீட்டுக்கே வந்து விசாரிப்பாரு, பையன் எங்க வேலைக்குப் போறான், யாரோட சுத்துறான், வீட்டுல என்ன நிலமைன்னு கேப்பாருன்னு சொன்னேன். அதுக்கு அக்கா, "அவன் நல்ல பையன்னு நான் சொன்னா நம்புவாங்களா?"ன்னு கேட்டாங்க. அத சொல்லவே வேண்டாம்க்கா, அவன் தினம் காலையில ஆறு மணிக்கு லேத் பட்டறைக்குக் கெளம்புறான்ல, அத சொல்லுங்க போதும்னேன்.