வரவு மதிப்பீடு தவறினால் எந்தச் செலவு முதலில் நிற்கும்?

மாநில பட்ஜெட் தாக்கலாகும் நாளில் டிவியில் ஓடுவதெல்லாம் செலவுக் கணக்குதான். இந்தத் திட்டத்துக்கு இவ்வளவு கோடி, அந்தத் துறைக்கு அவ்வளவு கோடி. அரசுத் துறையின் நிதிப் பிரிவில் பட்ஜெட் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கோடிகள் முடிவாவதற்கு முன்பே வேறொரு எண் முடிவாகியிருக்கும். வரும் ஆண்டு எவ்வளவு வரி வசூலாகும் என்ற எண் அது. வெறும் உத்தேசம்தான், ஆனால் மற்ற எல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன.

தமிழ்நாட்டின் சொந்த வரி வருவாய் பெரும்பாலும் நான்கு இடங்களிலிருந்து வருகிறது. ஜிஎஸ்டியும் பெட்ரோல், மதுபான வாட் வரியும் சேர்ந்த வணிக வரி, பத்திரப்பதிவு, மது மீதான ஆயத்தீர்வை, வாகன வரி. அடுத்த ஆண்டு மாநிலப் பொருளாதாரம் எவ்வளவு வளரும், அதைவிட வேகமாக வரி வளருமா என்று பார்த்து ஒரு சதவீதத்தை வைக்கிறார்கள். இந்தச் சதவீதத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு புள்ளி கூட்டி வைத்தால் கிட்டத்தட்ட இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு அறிவிப்புகளுக்கு இடம் கிடைத்துவிடும். பணம் பிறகு வரட்டும், வராமல் போகட்டும், அறிவிப்பு அன்றே வந்துவிடுகிறது.

2023-24ஐ எடுத்துக்கொள்வோம். அந்த பட்ஜெட்டில் சொந்த வரி வருவாய் 1,81,182 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 19 சதவீதம் அதிகம், துணிச்சலான கணிப்பு. அடுத்த பிப்ரவரியில், ஆண்டு முடியும் நேரத்தில் முதல் கணிப்பைச் சரிசெய்யும் திருத்த மதிப்பீடு வந்தபோது அது 1,70,147 கோடியாக இறங்கியிருந்தது. பதினோராயிரம் கோடி துண்டு. நடுவில் டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயல், அது முடிந்த கையோடு தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பெருவெள்ளம், அந்தச் செலவு வேறு. விளைவு, 37,540 கோடி என்று சொல்லப்பட்ட வருவாய்ப் பற்றாக்குறை (அன்றாடச் செலவுக்கே வருவாய் போதாத தொகை) திருத்த மதிப்பீட்டில் 44,907 கோடியாகியது. சாலை, பாலம், கட்டடம் போன்றவற்றுக்கான மூலதனச் செலவு 44,366 கோடியிலிருந்து 42,532 கோடிக்கு இறங்கியது.

அந்தக் கடைசி எண்ணைத்தான் மக்கள் கவனிப்பதில்லை. வரவு குறைந்தால் எல்லாத் துறைக்கும் சமமாகக் கைவைப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். 2025-26 மதிப்பீட்டின்படி சம்பளம் சுமார் 90,000 கோடி, ஓய்வூதியம் 41,000 கோடி, கடன் வட்டி 70,000 கோடி. மொத்த வருவாய் 3,31,569 கோடி. ஆக நூறு ரூபாய் வந்தால் அறுபது ரூபாய் அங்கேயே போய்விடுகிறது, அதில் ஒரு மாதம்கூடத் தாமதிக்க முடியாது. மாதாமாதம் வங்கிக் கணக்கில் ஏறும் உதவித்தொகையை நிறுத்தினால் மறுநாளே சாலை மறியல். சரி, கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்றால், அதற்கும் மாநில மொத்த உற்பத்தியில் 3 சதவீதம் என்ற எல்லை இருக்கிறது. மிச்சம் இருப்பது எது? பாலம், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், வாய்க்கால் தூர்வாருதல், அரசுக் கட்டடப் பராமரிப்பு. கட்டாத பாலத்துக்காக யாரும் மறியல் செய்வதில்லை.

இதை 'வெட்டு' என்று எந்த அரசாணையும் சொல்லாது. நிர்வாக ஒப்புதல் கோப்பு நிதித்துறைக்குப் போகும், ஒரு விளக்கம் கேட்டுத் திரும்பும். விளக்கம் எழுதி அனுப்பினால் இன்னொரு விளக்கம். ஜனவரியில் ஒப்புதல் கிடைக்கும், டெண்டர் முடிவதற்குள் மார்ச் 31 வந்துவிடும், செலவாகாத பணத்தை ஒப்படைப்பு செய்துவிட்டு அடுத்த ஆண்டுக்கு மறுபடி எழுத வேண்டியதுதான். கோப்பைத் திருப்பும் அலுவலரைக் குறை சொல்ல மாட்டேன், கையில் பணம் இல்லாதபோது அவர் வேறு என்ன செய்வார்?

ஒவ்வொரு துறையின் செலவுக்கும் சட்டமன்ற ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. தொகைகள் ஆயிரம் ரூபாய் கணக்கில் அச்சாகியிருக்கும். சில தலைப்புகளுக்கு எதிரே வெறும் '1' என்று மட்டும் இருக்கும். அதாவது அந்த வேலைக்கு ஆண்டு முழுவதற்கும் ஆயிரம் ரூபாய்! அச்சுப்பிழை அல்ல, டோக்கன் ஒதுக்கீடு. தலைப்பைத் திறந்து வைத்துக்கொள்வது, வரவு நன்றாக இருந்தால் ஆண்டின் நடுவே வரும் துணை மதிப்பீட்டில் பணம் போட்டுக்கொள்வது. உங்கள் ஊருக்கு அறிவித்த வேலை இந்த '1'இல் நிற்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

திட்டத்தின் வடிவத்தையே வரவு மதிப்பீடு தீர்மானிப்பதும் உண்டு. மகளிர் உரிமைத் தொகை மார்ச் 2023இல் அறிவிக்கப்பட்டது, 7,000 கோடி ஒதுக்கப்பட்டது. தொடங்கியது செப்டம்பர் 15. செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதம், மாதம் ஆயிரம், ஒரு கோடிப் பெண்கள். பெருக்கிப் பாருங்கள், சரியாக 7,000 கோடி. அண்ணா பிறந்தநாள் என்பது உண்மைதான். ஆனால் ஏப்ரலிலேயே தொடங்கியிருந்தால் 12,000 கோடி வேண்டும், அந்த ஆண்டு வரவு அதைத் தாங்கியிருக்காது என்பது என் கணிப்பு. வருமான வரம்பு, நில அளவு, மின்சார யூனிட் என்று வந்த தகுதி விதிகளையும் இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மத்திய வரிப் பங்கு தனிக்கதை. மத்திய அரசு மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வரித்தொகையில் தமிழ்நாட்டுக்கு 2026 மார்ச் வரை 15ஆவது நிதிக்குழு கொடுத்தது 4.079 சதவீதம். பிப்ரவரி 1ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில் என்ன எண் வருகிறதோ அதுதான் நமது பட்ஜெட்டிலும் ஏறும், அவர்கள் கணிப்பு தவறினால் நமக்கும் தவறும். 2022 ஜூன் வரை ஜிஎஸ்டி இழப்பீடு என்ற பாதுகாப்பு இருந்தது, ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சிக்குக் குறைந்தால் மத்திய அரசு ஈடுகட்டும் என்ற உத்தரவாதம். இப்போது அதுவும் இல்லை.

கணிப்பாளர்களுக்குத் தலைவலி தராத இனம் ஒன்று உண்டென்றால் அது மதுதான். விலையும் அரசு கையில், கடையும் அரசு கையில். 2023 ஜூனில் 500 டாஸ்மாக் கடைகளை மூடினார்கள், அந்த ஆண்டு ஆயத்தீர்வையும் வாட் வரியும் சேர்த்து வந்தது 45,855 கோடி, முந்தைய ஆண்டைவிட அதிகம். பத்திரப்பதிவு இப்படியா? ரியல் எஸ்டேட் படுத்தால் வரவும் படுத்துவிடும். மதுவிலக்கு பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்த வரிக்கு மாற்றாக எதை எழுதுவார்கள் என்று ஒருமுறையாவது கேளுங்கள்.

2025-26க்கு சொந்த வரி வருவாய் 2,20,895 கோடி என்று வைத்தார்கள், முந்தைய ஆண்டின் திருத்த மதிப்பீடான 1,92,752 கோடியைவிட 14 சதவீதத்துக்கு மேல் அதிகம். மூலதனச் செலவுக்கு 57,231 கோடி. முதல் எண் தவறினால் இரண்டாவது எண் என்னாகும் என்பதை மேலே பார்த்தோம்.

நிதித்துறை இணையதளத்தில் மானியக் கோரிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே எண்கள் நான்கு பத்திகளாக இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டு மதிப்பீடு, அதன் திருத்தம், வரும் ஆண்டு மதிப்பீடு. கடைசிப் பத்தியை மட்டும்தான் செய்தியில் சொல்வார்கள். நீங்கள் நடுவில் உள்ள இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஊருக்கு ஒரு வேலை வேண்டுமென்று மனு கொடுப்பவர்களுக்கு: பட்ஜெட் வாசித்த பிறகு எம்.எல்.ஏ.விடம் போவது வழக்கமாக இருக்கிறது. துறைத் தலைவர்கள் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டை நிதித்துறைக்கு அனுப்புவது அதற்குப் பல மாதங்கள் முன்பே. செப்டம்பர், அக்டோபரில் மாவட்ட அலுவலகத்தில் மனு இருந்தால்தான் அந்தப் பட்டியலில் ஏற வாய்ப்பு.