ஐ.பி. போட்டாச்சு சரி, டிஸ்சார்ஜ் வாங்கியாச்சா?

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே ஐ.பி. போட்டுட்டேனே சார், இப்ப வந்து வீட்டை ஜப்தி பண்ணுவேன்னு நிக்கிறாங்களே?" வக்கீல் அலுவலகங்களில் இப்படிக் கேட்டுக்கொண்டு வருபவர்கள் அதிகம். ஐ.பி. என்பது நீதிமன்றத்தில் போடும் திவால் மனு. அவர்களிடம் நான் முதலில் கேட்பது டிஸ்சார்ஜ் உத்தரவை, அதாவது கடனிலிருந்து விடுவித்து நீதிமன்றம் தரும் உத்தரவை. பெரும்பாலானோர் கையில் அது இருக்காது. மஞ்சள் நோட்டீஸ் அனுப்பியதோடு கடன் ஒழிந்தது என்றே நினைத்திருப்பார்கள்.

சென்னைக்கு வெளியே தனிநபர் திவால் வழக்குகள் இன்றும் 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின்படிதான் நடக்கின்றன. சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அங்கே உயர் நீதிமன்றமும், நொடித்தவர் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரியான அஃபிஷியல் அசைனியும் பார்த்துக்கொள்வார்கள். 2016-இல் வந்த புதிய திவால் சட்டம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகச் சொல்வார்கள். தனிநபர் விஷயத்தில், கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் அது 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடை வைத்து நொடித்தவருக்கும் தறி போட்டு நொடித்தவருக்கும் பழைய சட்டம்தான்.

அந்த 1920 சட்டத்தில் மனு கொடுப்பது முதல் படி. நீதிமன்றம் உங்களை நொடித்தவர் என்று அறிவிப்பது அடுத்த படி. அந்த உத்தரவிலேயே, டிஸ்சார்ஜ் கேட்டு எத்தனை காலத்துக்குள் மனுப் போட வேண்டும் என்றும் நீதிபதி குறிப்பிடுவார். பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. கெடுவுக்குள் மனுப் போடாவிட்டால் 43-ஆம் பிரிவின்படி அறிவிப்பே ரத்தாகும், கடன் கொடுத்தவர்கள் மறுபடி கிளம்பி வருவார்கள். "இத்தனை வருஷம் போச்சே, காலாவதி ஆகியிருக்காதா?" என்று கேட்பார்கள். ஆகாது. தன் கடனை முறைப்படி நிரூபித்து வைத்தவருக்கு, அறிவிப்பு நாளிலிருந்து ரத்தான நாள் வரையிலான காலம் கணக்கிலேயே சேராது. 78-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் சொத்தில் இருக்கிறது. அறிவிப்பு வந்தவுடன் உங்கள் சொத்து நீதிமன்றத்துக்கோ, சொத்தை நிர்வகிக்க அது நியமிக்கும் ரிசீவருக்கோ போய்விடும். அதுவும் மனு கொடுத்த நாளிலிருந்தே போனதாகக் கணக்கு. இது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். அறிவிப்புக்கும் டிஸ்சார்ஜுக்கும் நடுவில் உங்களுக்கு என்ன வந்து சேர்ந்தாலும் அதுவும் ரிசீவருக்கே என்பதுதான் தெரியாது. ஒருவர் ஐ.பி. போட்டுவிட்டு டிஸ்சார்ஜ் வாங்காமல் இருக்கிறார், அதற்குள் அம்மா தவறிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மா பெயரில் இருந்த வீட்டில் இவருக்கு ஒரு பங்கு உண்டு. "எனக்கு வேண்டாம், தங்கச்சிக்கே போகட்டும்" என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார். எழுதிக் கொடுக்க அவரிடம் பங்கு எங்கே இருக்கிறது? அம்மா கண் மூடிய அன்றே அது ரிசீவருக்குப் போயிருக்கும். டிஸ்சார்ஜ் வாங்கிய பிறகு தவறியிருந்தால் அதே பங்கை யாரும் தொட முடியாது.

டிஸ்சார்ஜ் கிடைத்தாலும் ரிசீவரிடம் ஏற்கெனவே போன சொத்து திரும்பாது. அவர் விற்றுப் பங்கிடுவார். எல்லாக் கடனும் வட்டியும் செலவும் தீர்ந்து மிச்சமிருந்தால் அது மட்டும் உங்களுக்கு. மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் மனைவி பெயரில் செட்டில்மென்ட் எழுதியிருந்தால் அதையும் ரத்து செய்யக் கேட்க ரிசீவருக்கு உரிமை உண்டு. ஆனால் தாலி, சமையல் பாத்திரம், தொழிலாளியின் கருவிகள், பி.எஃப். பணம் போன்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கியவற்றை யாரும் எடுக்க முடியாது.

இனி கடன்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் கைமாத்து, சீட்டுப் பாக்கி, புரோநோட்டு, சரக்குப் பாக்கி எல்லாம் உங்களை விட்டு நீங்கும். அரசுக்குச் சேர வேண்டிய வரி நீங்காது. ஏமாற்றி வாங்கிய கடனும், நம்பி ஒப்படைத்த பணத்தை மோசடி செய்ததால் வந்த பொறுப்பும் நீங்காது. மனைவி, பிள்ளைகளுக்கு நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சமும் அப்படியே நிற்கும். அறிவிப்புக்குப் பிறகு புதிதாக வாங்கிய கடனுக்கு இந்த உத்தரவு பொருந்தவே பொருந்தாது. அடமானம் தனிக் கதை: வீட்டுப் பத்திரத்தை வைத்திருக்கும் வங்கி டிஸ்சார்ஜுக்குப் பிறகும் அந்த வீட்டை விற்கலாம். விற்றும் குறைகிற தொகைக்காக உங்களை விரட்ட முடியாது, அவ்வளவுதான். காசோலை திரும்பிய 138 வழக்கு குற்றவியல் நீதிமன்றத்தில் நடப்பது. ஐ.பி. உத்தரவைக் காட்டி அதிலிருந்து கழன்றுகொள்ளலாம் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

அதிகம் அடிபடுவது ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்தான். கடன் வாங்கியவர் விடுபட்டாலும் ஜாமீன்தாரர் விடுபட மாட்டார் என்று 44-ஆம் பிரிவே சொல்லிவிட்டது. கூட்டாளிக்கும் அதே கதி. மச்சானுக்காகக் கையெழுத்துப் போட்ட பள்ளிக்கூட வாத்தியார் தன் சம்பளத்திலிருந்து கட்டுவார். கட்டியதை மச்சானிடம் கேட்கவும் அநேகமாக வழியிருக்காது, ஏனென்றால் அந்தப் பொறுப்பும் டிஸ்சார்ஜில் கரைந்திருக்கும். ஐ.பி. போடப் போகிறவர் தனக்கு ஜாமீன் நின்றவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யாரும் சொல்வதில்லை. குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

டிஸ்சார்ஜ் கேட்டவுடன் கிடைத்துவிடாது. சொத்து மதிப்பு கடனில் ரூபாய்க்கு எட்டணா, அதாவது பாதி அளவுகூட இல்லை, வியாபாரக் கணக்குப் புத்தகம் வைக்கவில்லை, சூதாட்டத்திலும் ஊதாரித்தனத்திலும் பணம் போனது என்றெல்லாம் தெரிந்தால் நீதிபதி முழு டிஸ்சார்ஜ் தர மாட்டார். சில காலம் நிறுத்தி வைப்பார், அல்லது வருங்கால வருமானத்தில் இவ்வளவு கட்டு என்று நிபந்தனை போடுவார். ரூபாய்க்கு எட்டணாகூடத் தேறவில்லை என்றால், அது உங்கள் குற்றத்தால் அல்ல என்று காட்டலாம். அதற்கு ஆவணம் வேண்டும்: தீ விபத்து என்றால் எஃப்.ஐ.ஆர்., சரக்கு வாங்கியவர் ஏமாற்றினார் என்றால் பில்களும் நோட்டீஸும்.

டிஸ்சார்ஜ் வரும்வரை, தான் நொடித்தவர் என்று சொல்லாமல் ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. 72-ஆம் பிரிவு. 1920-இல் ஐம்பது ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டுக் கணக்கில் எழுதச் சொன்னாலே தாண்டிவிடும். டீக்கடைக்காரர் வழக்குப் போடப் போவதில்லை. ஃபைனான்ஸ் கம்பெனி போடலாம்.

இப்படிப்பட்டவரிடம் இடம் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வில்லங்கச் சான்றை மட்டும் நம்பாதீர்கள், திவால் உத்தரவு அதில் ஏறாமலே இருக்கலாம். அவர் பெயரில் ஐ.பி. வழக்கு உண்டா என்று நீதிமன்றத்தில் விசாரியுங்கள். இருந்தால் டிஸ்சார்ஜ் உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, அந்த இடம் அவருக்கு எந்தத் தேதியில் வந்தது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.