சூப் எந்த இடத்தில் இருக்கிறது?

கடையில் ரெடிமேட் சூப் வாங்கும்போது நான் முதலில் கவனிப்பது லேபிளை அல்ல, அதை வைத்திருக்கும் இடத்தை. சாதாரண அலமாரியா, குளிர்ப்பெட்டியா, ஃப்ரீசரா? அந்தச் சூப் எவ்வளவு சூட்டில் வெந்து வந்தது என்பதை இடமே சொல்லிவிடும்.

அலமாரியில் இருக்கும் டின் சூப்பை எடுத்துக்கொள்வோம். காற்றுப் புகாத டின்னுக்குள் வளரக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாதான் இதில் பெரிய பயம். அதன் நஞ்சு நரம்புகளையே முடக்கிவிடும். அது உறங்குநிலையில் இருக்கும் கெட்டி வடிவமான வித்துகளோ கொதிநீருக்கு அசைந்து கொடுக்காது. அதனால் டின்னை மூடிய பிறகு, பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான கலனில் வைத்து வேகவைக்கிறார்கள். டின்னின் நட்டநடுவுக்கும், 121 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் வெந்ததற்கு ஈடான சூடாவது கிடைத்தாக வேண்டும். நடுவில் சூடு ஏறுவதற்குள் ஓரத்துக் கேரட் குழைந்துவிடுகிறது. கரண்டி பட்டாலே மசிகிறதே, அது இதனால்தான்.

பால், கிரீம் சேராத தக்காளி சூப்புக்கு இந்தத் தொல்லை குறைவு. பிஎச் என்பது புளிப்பைக் காட்டும் எண்; அது குறையக் குறையப் புளிப்பு கூடும். பிஎச் 4.6க்குக் கீழே இருக்கும் புளிப்பில் அந்த வித்துகள் முளைக்காது. 100 டிகிரியை ஒட்டிய சூடே போதும். டின்தான் வாங்குவதென்றால் இதையே வாங்குங்கள்.

சுவைக்கு என் ஓட்டு குளிர்ப்பெட்டி சூப்புக்கு. 90 டிகிரியில் 10 நிமிடம் போன்ற மிதமான சூட்டோடு நிறுத்திக்கொள்வதால் காய் பல்லில் கடிபடும். எலும்பு சூப் டப்பாவைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். ஓடாமல் ஜெல்லி போல ஆடினால், எலும்பின் கொலாஜன் என்ற புரதம் நன்றாக இறங்கி ஜெலட்டினாகியிருக்கிறது. ஸ்டார்ச் சேர்த்தும் கெட்டியாக்கலாம் என்பதால் பொருட்பட்டியலையும் பார்த்துவிடுங்கள். ஆனால் இந்தச் சூட்டில் தப்பிய வித்துகளை அடக்கி வைத்திருப்பது குளிர் மட்டும்தான். கடைசியாக இதைக் கூடையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய், 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள்.

ஃப்ரீசரில் பாக்டீரியா வளராது. கிரீம் சூப் மட்டும் உருகும்போது நீர் பிரிந்து திரிதிரியாகிவிடலாம்.

அப்புறம், உணவகத்தில் சுடச்சுட வாங்கும் சூப். உடனே குடித்துவிட்டால் கவலையில்லை. மிச்சம் வைப்பதானால் அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவையுங்கள். 60 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கும் வழியில்தான் பாக்டீரியா பெருகும்; ஆழமான டப்பாவில் அப்படியே விட்டால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும்.