தென்கோ: கொள்கைத் திருப்பம்

தென்கோ ஜப்பானியச் சொல். ‘தென்’ என்றால் திரும்புவது, ‘கோ’ என்றால் திசை. நேர்ப்பொருள் திசை திரும்புதல், அவ்வளவுதான். ஆனால் 1930களில் இடதுசாரி ஒருவர் ‘தென்கோ செய்தார்’ என்றால், காவல்துறையின் பிடியில் தன் கொள்கையைக் கைவிட்டார் என்று பொருள்.

இந்தப் பேச்சைத் தொடங்கியவர்கள் இடதுசாரிகளேதான். இயக்கம் திசை மாறி மக்களிடம் போகவேண்டும் என்று சோஷலிஸ்ட் சிந்தனையாளர் யமகாவா ஹிதோஷி 1922இல் எழுதினார். அப்புறம் 1925இல், இடதுசாரி இயக்கங்களை ஒடுக்கும் அமைதிகாப்புச் சட்டம் வந்தது, கைதுகள் பெருகின. 1933 பிப்ரவரியில் எழுத்தாளர் கோபயாஷி தகிஜி காவலில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூனில் கம்யூனிஸ்ட் தலைவர்கள் சானோ மனாபுவும் நபெயாமா சதச்சிகாவும் சிறையிலிருந்தே தங்கள் மாற்றத்தை அறிவித்தார்கள். நூற்றுக்கணக்கான கைதிகள் அவர்கள் வழியில் போனார்கள்.

பலர் கொள்கையை விட்டதோடு நின்றுவிட்டார்கள். நாவலாசிரியர் ஹயாஷி ஃபுசாவோ அப்படி நிற்கவில்லை. பாட்டாளி இலக்கியத்தில் பெயர் பெற்று, சிறைக்கும் போனவர் அவர். 1936இல் ‘இனி நான் பாட்டாளி எழுத்தாளன் இல்லை’ என்று அறிவித்தார். 1937இல் ‘சூவோ கோரோன்’ இதழுக்காக ஷாங்காய் போர்முனைக்குப் போய்ச் செய்தி எழுதினார். 1941இல் எழுதிய ‘தென்கோ பற்றி’ என்ற கட்டுரையில், மார்க்சியத்தைத் துறந்தால் மட்டும் போதாது, பேரரசரின் நாட்டுக்கு முழுமனதோடு திரும்பவேண்டும் என்று வாதிட்டார். சிறை வாயிலில் தொடங்கிய ஒன்றை அவர் தேசபக்தியின் உச்சமாக மாற்றிக் காட்டியது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. அடி வாங்கிப் பணிந்தவரைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால் அந்தப் பணிவையே மற்றவர்களுக்கு நெறியாகப் போதிப்பது வேறு விஷயம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், சிந்தனையாளர் சுருமி ஷுன்சுகேயின் ஆய்வுக்குழு, அதிகாரத்தின் வற்புறுத்தலால் நேரும் சிந்தனை மாற்றமே தென்கோ என்று வரையறுத்தது. விமர்சகர் யோஷிமோதோ தகாஅகி இதை வேறு விதமாகப் பார்த்தார். மக்களிடமிருந்து விலகி நின்றதுதான் அறிவாளிகளை வீழ்த்தியது என்றார் அவர்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘கட்சித்தாவல்’ பதவியாசையை நினைவூட்டும். ‘மனமாற்றம்’ என்றால் சிறை மறைந்துபோகும். நெறி பிறழ்வதைக் குறிக்கும் ‘திறம்பல்’ நல்ல பழஞ்சொல், ஆனால் முன்கூட்டியே தீர்ப்பு சொல்லிவிடுகிறது. ‘கொள்கைத் திருப்பம்’ என்பதே பொருத்தம் என்பேன். ஹயாஷி தானாகத் திரும்பினாரா, திருப்பப்பட்டாரா? அந்தச் சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது.