சார்ஜ்: ஏத்துறதும் இறக்குறதும்

வேலூரில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நம்பியே நடக்கும் லாட்ஜ்களில் ஒன்றில், சித்தப்பாவுக்குத் துணையாக நான்கு நாள் தங்கினேன். அறைக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதற்கு மூன்று போன்கள் வரிசையில் காத்திருக்கும். "கொஞ்சம் சார்ஜ் ஏத்திக்கிறேண்ணா" என்பான் சித்தப்பா மகன். கீழே மேசையில் உட்கார்ந்திருப்பவர், "ஏசி போட்டா சார்ஜ் தனி" என்பார். தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் நண்பன் போனில் கூப்பிட்டு, புதிதாக வந்த அதிகாரி இன்னும் 'சார்ஜ் எடுக்கல' என்றான். சித்தப்பாவுக்கு இதெல்லாம் காதிலேயே விழாது. அவருக்கு இருந்தது ஒரே கேள்விதான்: "டிஸ்சார்ஜ் எப்போடா?"

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. 'சார்ஜ்' வரும் இடத்தில் எல்லாம் கை ஒரு நொடி நிற்கும். அகராதியைத் திறந்தால் கட்டணம், மின்னூட்டம், பொறுப்பு, குற்றச்சாட்டு, தாக்குதல் என்று ஒட்டாத உறவினர்கள் போல நிற்பார்கள். எந்த வீட்டுப் பிள்ளைகள் இவை என்று லாட்ஜ் மொட்டை மாடியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு குட்டியானை வண்டியில் தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விடை அங்கேதான் இருந்தது.

லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. ரோமர்கள் அதைக் கெல்டிய மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து 'கர்ரிகாரே', அதாவது வண்டியில் பாரம் ஏற்றுவது. பழைய பிரெஞ்சு வழியாக 1200-ஐ ஒட்டி அது ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் பொருள் அதேதான்: சுமை ஏற்று. கார், கேரி, கார்கோ எல்லாம் ஒரே குடும்பம். கேரிகேச்சர் கூட. மூக்கின் மேல் ஓவர்லோடு ஏற்றினால் அது கேலிச்சித்திரம்.

பிறகு ஏற்றும் பொருள்தான் மாறியது. ஒருவன் தலையில் வேலையை ஏற்றினால் பொறுப்பு. பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. காசை ஏற்றினால் கட்டணம். சொத்தின் மேல் கடனை ஏற்றினாலும் சட்டத்தில் சார்ஜ்தான். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 100-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. நம் ஊரில் அந்தச் சுமைக்கு 'வில்லங்கம்' என்று பெயர். இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்த்ததில்லை.

துப்பாக்கியில் ஏற்றிய மருந்தும் சார்ஜ்தான். 'மருந்து கெட்டிப்பது' என்பார்கள் நம் பெரியவர்கள். எதிரி மேல் பாய்வதற்கு அந்தப் பெயர் வந்தது, துப்பாக்கியை நிரப்பித் தயாராவதிலிருந்து இருக்கலாம் என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வேலூர்க் கோட்டைதான் ஞாபகம் வந்தது. 1806 ஜூலை 10, விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மதிலின் மேல் தப்பி நின்ற 69-வது படைப்பிரிவின் வெள்ளைக்காரச் சோல்ஜர்களிடம் தோட்டா தீர்ந்துவிட்டது. ஆற்காட்டிலிருந்து குதிரையில் விரைந்து வந்த பிரிட்டிஷ் படை அதிகாரி கில்லெஸ்பி, கயிற்றைப் பிடித்து மதில் ஏறி, அவர்களைத் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாயச் சொன்னார். ஒரு சார்ஜ் தீர்ந்த இடத்தில் இன்னொரு சார்ஜ். அப்புறம் பீரங்கியால் கதவைத் தகர்த்து உள்ளே வந்த குதிரைப்படை செய்ததைச் சண்டை என்று சொல்ல மாட்டேன். அகழி ஓரம் வேர்க்கடலை கொறித்தபடி நடக்கிற இடம் இன்று அது. படைக்கான சார்ஜுக்கு 'பாய்ச்சல்' போதும். போலீசின் லத்தி சார்ஜுக்கு நமக்குத் 'தடியடி' இருக்கிறது. பத்திரிகைகள் அதை 'லேசான தடியடி' என்று எழுதுவதுதான் எனக்குப் புரிவதில்லை. முதுகைக் கேட்டு எழுதினார்களா?

ஆங்கிலத்துக்கு ஒரே சொல், நமக்கு ஐந்தாறு; ஆகையால் தமிழில் ஒற்றுமை இல்லை என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'பொறுப்பு' என்பதைப் பிரித்துப் பாருங்கள். பொறு என்றால் தாங்கு, சும. பொறை என்றால் பாரம். குற்றத்தை நாம் 'சுமத்துகிறோம்'. வரியையும் சுமத்துகிறோம். பெயர்கள் வேறானாலும் அடியில் ஓடுவது அதே சுமைதான். லத்தீன்காரனின் வண்டியை நாம் கடன் வாங்கவே இல்லை, நம்முடையது தலைச்சுமை.

காவேரிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் சுமைதாங்கி என்றே ஓர் ஊர் உண்டு. பழைய சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்களே, அதன் பெயர். தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் மூட்டையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ள வசதியாக ஆள் உயரத்துக்கு இருக்கும். வயிற்றுச் சுமையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாததை வழிப்போக்கராவது இறக்கி வைக்கட்டும் என்று. 'பொறை உயிர்த்தல்' என்று பிள்ளைப் பேற்றுக்கு இலக்கியத்தில் பெயர் இருப்பதும் இதனால்தான்.

மின்சாரத்துக்கு வருவோம். பள்ளிப் பாடத்தில் 'மின்னூட்டம்'. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'ஏற்றம்', 'மின்னேற்றம்'. வேலூர் பஸ் ஸ்டாண்டில் போன் கடைப் பையனும் "சார்ஜ் ஏத்து", "சார்ஜ் இறங்கிடுச்சு" என்றுதான் சொல்கிறான். சொல்லைக் கடன் வாங்கினாலும் வினையை அவன் தமிழிலேயே வைத்துக்கொண்டான். ஆகவே பேட்டரிக்குச் செய்யும் வேலைக்கு மின்னேற்றம், அதைச் செய்யும் கருவிக்கு மின்னேற்றி என்பது என் கட்சி. எலெக்ட்ரானின் இயல்பைச் சொல்ல மின்னூட்டமே இருக்கட்டும், பழகிவிட்டது. அதற்கு யாரும் ஊட்டவில்லை என்றாலும். இரண்டையும் பிரித்து வைக்க இன்னொரு காரணமும் உண்டு. 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி முழுதாக ஏற 18,000 கூலும் (மின்னூட்டத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மின்னூட்டம் அதன் வழியே ஓட வேண்டும். ஆனால் ஒரு முனையில் நுழைகிற அளவு மறுமுனையில் வெளியேறிவிடும். உள்ளே சேர்வது ஆற்றல்தான், மின்னூட்டம் அல்ல.

அரசு ஆபீசுக்குள் போனால் சார்ஜுக்கு இரண்டு முகம். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் புது அதிகாரிகள் 'சார்ஜ் எடுத்தார்கள்'. தமிழில் பொறுப்பேற்றார்கள். (இந்த 'ஏற்றார்' ஏல் என்ற வினையிலிருந்து வருவது, லோடு ஏற்றுகிற ஏற்று வேறு. ஒலி ஒன்றாக இருப்பதால் ஏமாறக்கூடாது.) அதே அதிகாரிக்கு, அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின்படி, '17 பி சார்ஜ்' வந்தால் முகம் வெளுத்துவிடும். அது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. போலீஸ் தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. அதைப் பார்த்து நீதிமன்றம் செய்வது குற்றச்சாட்டு வனைதல். வனைவது குயவர் பானைக்குச் செய்வது. யார் அந்தச் சொல்லைத் தேர்ந்தாரோ, அவருக்கு மண் வாசனை தெரிந்திருக்கிறது.

சித்தப்பாவின் டிஸ்சார்ஜுக்கு இன்னும் நல்ல தமிழ் அமையவில்லை. சொல்லின் நேர்ப்பொருள் 'சுமை இறக்குவது'. ஆஸ்பத்திரி தன் பொறுப்பை இறக்கி வைக்கிறது, அவ்வளவுதான். 'விடுவிப்பு' என்றால் ஜெயில் வாடை அடிக்கிறது. வேலூர்ப் பக்கம் ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். அந்த வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் 'டிஸ்சார்ஜ் புக்' பத்திரமாக இருக்கும். அதற்கும் பேச்சில் அதே ஆங்கிலப் பெயர்தான். புண்ணில் வரும் டிஸ்சார்ஜ் கசிவு, அணையிலிருந்து வருவது நீர் வெளியேற்றம். இந்த இரண்டிலும் சிக்கல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு "வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்று நாம் பேசுவதே சரி என்று விட்டுவிட்டேன்.

ரீசார்ஜ் என்றால் இப்போது போனுக்குக் காசு கட்டுவது. நாகநதியை மீட்க நூறு நாள் வேலைப் பெண்கள் கட்டிய கிணறுகளுக்கும் 'ரீசார்ஜ் வெல்' என்றுதான் பெயர். காகிதத்தில் அதன் தமிழ் 'நிலத்தடி நீர் செறிவூட்டும் கிணறு'. ஆற்றில் ஓடும் மழைத் தண்ணீர் அதற்குள் விழுந்து அடிமண்ணுக்கு இறங்கும். கணியம்பாடி பக்கம் அப்படியொரு கிணற்றருகே நின்ற அம்மாவிடம், "இது இன்னா கிணறும்மா, தண்ணி எடுக்கவா?" என்று கேட்டேன்.

"எடுக்க இல்லப்பா. பூமிக்குத் தண்ணி ஏத்தறதுக்கு" என்றார். கை கீழ்நோக்கித்தான் காட்டியது.