கம்ப்யூட்டர் ஃபாரன்சிக்ஸ் வேலைக்கு வர ஆசையா? முதலில் ஒரு பென் டிரைவை எடுங்கள்

கல்லூரிகளில் பேசப் போனால் கடைசியில் வரும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "சார், எந்த கோர்ஸ் சேர்ந்தா ஃபாரன்சிக்ஸ் வேலை கிடைக்கும்?" ஃபாரன்சிக்ஸ் என்றால் கணினியில் பதிந்திருக்கும் தடயங்களைத் தேடி எடுத்து ஆதாரமாக்குவது. கேட்பவர்களில் பாதிப் பேர் நினைத்திருப்பது இருட்டறையில் உட்கார்ந்து பாஸ்வேர்டு உடைக்கிற வேலையை. சென்னையில் தனியார் பக்கம் எங்கள் மேசைக்கு வருவது பெரும்பாலும் வேறு ரகம். ஓஎம்ஆரில் ஏதோ ஒரு நிறுவனத்தில் ஒருவர் ராஜினாமா செய்திருப்பார். வாடிக்கையாளர் பட்டியலை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்று சந்தேகம். அவருடைய லேப்டாப் எங்கே என்று கேட்டால், "அதை ஃபார்மட் பண்ணி புதுசா சேர்ந்த பையனுக்குக் கொடுத்துட்டோம் சார்" என்பார்கள்.

அந்த லேப்டாப்பில் பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி இருந்தால் பெரும்பாலும் அதோடு சரி. அழித்த இடங்களை டிரிம் கட்டளை தானாகவே துடைத்துவிடும். யார் கையும் படாமல் பூட்டி வைத்திருந்தால் நிலைமை வேறு. எந்த பென் டிரைவ் சொருகப்பட்டது என்பதை விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி, யூஎஸ்பிஸ்டோர் என்ற இடத்தில் அதன் சீரியல் நம்பரோடு குறித்து வைத்திருக்கும். அதிலிருந்து என்னென்ன கோப்புகள் திறக்கப்பட்டன என்பதற்கு எல்என்கே என்ற ஷார்ட்கட் கோப்புகள் துப்புக் கொடுக்கும்.

இதையெல்லாம் கற்க லட்ச ரூபாய் கட்ட வேண்டியதில்லை. வீட்டில் கிடக்கும் ஒரு சின்ன பென் டிரைவ் போதும். முழு ஃபார்மட் செய்யுங்கள். குவிக் ஃபார்மட்டில் பழைய தரவு அப்படியே கிடக்கும். நான்கைந்து படங்கள், ஒரு வேர்டு கோப்பு போட்டு, இரண்டை அழியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் எஃப்டிகே இமேஜர் மென்பொருளில் முழு டிரைவையும் இமேஜ் (ஒரு பிட் விடாமல் எடுக்கும் நகல்) எடுத்து, அது தரும் எஸ்ஹெச்ஏ-1 ஹாஷை (இமேஜின் கைரேகை போன்ற மதிப்பு; ஒரு பிட் மாறினாலும் இதுவும் மாறும்) குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் டிரைவைக் கழற்றி வேறொரு விண்டோஸ் கணினியில் சொருகி, சும்மா திறந்து பார்த்துவிட்டு, மறுபடி இமேஜ் எடுங்கள். நீங்கள் எதையும் தொட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் ஹாஷ் மாறியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற ஃபோல்டரை விண்டோஸ் தானே எழுதி வைத்திருக்கும். டிரைவில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் என்ற கருவி இல்லாமல் ஆதாரத்தைத் தொடக்கூடாது என்பதை எந்த வகுப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராது. இரண்டு இமேஜையும் ஆட்டாப்ஸி மென்பொருளில் திறந்து, அழித்த படங்களைத் தேடுங்கள்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஹார்டு டிஸ்கில் பயிற்சி எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அதில் இருப்பது யாரோ ஒருவருடைய குடும்பப் படங்கள். பயிற்சிக்கென்றே தயாரித்த இமேஜ்களை அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் இலவசமாகத் தருகிறது. இந்தத் துறைக்கு வந்துவிட்டீர்கள் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் "அவர் வாட்ஸ்அப்பைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்று ஆரம்பிப்பார்கள். உரியவர் அனுமதியில்லாமல் அவருடைய கருவிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி குற்றம். உறவுமுறை அங்கே செல்லாது.

கோப்புகளின் நேரப் பதிவில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். விண்டோஸ் டிஸ்குகளில் இருக்கும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறை நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதும். பென் டிரைவ்களில் வரும் எஃப்ஏடி32 என்ற கோப்பு முறை அந்தக் கணினியின் உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதும். இரவு 11.40-க்குத் தொட்ட கோப்பு, யூடிசியில் மாலை 6.10 என்று நிற்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால், ஊழியர் அலுவலகத்தில் இருந்தபோது நடந்ததாக அறிக்கை சொல்லும். உண்மையில் அவர் வீட்டில் இருந்திருப்பார்.

அறிக்கை எழுதுவதை யாரும் பயிற்சி எடுப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. "குமார் கோப்பைத் திருடினார்" என்று எழுதக்கூடாது. இந்த யூசர் அக்கவுண்டில், இந்த நேரத்தில், இந்த சீரியல் நம்பர் கொண்ட பென் டிரைவிலிருந்து இந்தப் பெயருள்ள கோப்பு திறக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான் நமக்குத் தெரியும். கீபோர்டில் யார் விரல் இருந்தது என்று ரெஜிஸ்ட்ரி சொல்லாது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பதும் இந்த இடத்தைத்தான். லேப்டாப் யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதியில் போனது என்ற தாள் இல்லையென்றால் அவருக்கு வேலையே மிச்சம்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2004-இல் யாஹூ குழுவில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசப் பதிவு போட்டவரை எழும்பூர் நீதிமன்றம் தண்டித்தபோது, அச்செடுத்த பக்கங்களோடு மின்னணு ஆதாரத்துக்குப் பழைய சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழும் வைக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. அதன் சான்றிதழ் படிவத்தில் ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும். ஒரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். அதே நாளில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஆள் தேவை கூடத்தான் செய்யும்.

கோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் அடிப்படை இருந்தால் எந்தப் பட்டமும் பரவாயில்லை. அரசுத் தடய அறிவியல் துறைக்குப் போக நினைப்பவர்கள் டிஎன்பிஎஸ்சி அறிவிப்பில் கேட்கும் தகுதியை முதலில் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். சிஹெச்எஃப்ஐ போன்ற ஃபாரன்சிக்ஸ் சான்றிதழ்கள் பயோடேட்டாவை ஹெச்ஆர் மேசை தாண்ட வைக்கும். ஜிசிஎஃப்ஈ என்ற இன்னொரு சான்றிதழ் மதிப்பானது, ஆனால் விலை கொடுமை. வேலை கிடைத்த பிறகு நிறுவனக் காசில் எழுதுங்கள். "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று போர்டு வைத்திருக்கும் பயிற்சி மையத்தில் பணம் கட்டுமுன் இரண்டே கேள்வி: ரைட் பிளாக்கரை மாணவர் கையில் கொடுப்பீர்களா? நாங்கள் எழுதும் அறிக்கையை யார் திருத்துவார்?

இன்டர்வியூவுக்கு வரும்போது அந்த பென் டிரைவ் அறிக்கையைக் கையோடு கொண்டு வாருங்கள். இரண்டு பக்கம் போதும். ஹாஷ், நேர மண்டலம், கண்டவை, காண முடியாதவை. நான் கடைசிப் பகுதியைத்தான் முதலில் படிப்பேன்.