எஞ்சினை நிறுத்தாத சிவப்பு சுவிட்ச்

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள என் பட்டறைக்குப் போன மாதம் ஒரு தம்பி தன் புரோட்டோன் சத்ரியா காரைக் கொண்டுவந்தார். உள்ளே 4ஜி93 டர்போ எஞ்சின். செப்பாங் பந்தயத் தடத்தில் 402 மீட்டர் ஓட்டத்தில் இன்னும் அரை நொடியைக் குறைக்க வேண்டுமாம். "பெரிய எரிபொருள் பம்ப், பெரிய இன்ஜெக்டர் எல்லாம் போட்டுவிட்டேன் அண்ணே, ட்யூனிங் மட்டும்தான் பாக்கி" என்றார். கதவைத் திறந்ததுமே எரிபொருள் வாடை மூக்கில் ஏறியது.

பெட்ரோலிலிருந்து, 85 விழுக்காடு வரை எத்தனால் கலந்த இ85க்கு மாறினால் ஏறக்குறைய 30 முதல் 40 விழுக்காடு கூடுதல் எரிபொருள் வேண்டும். அது தெரிந்துதான் பம்பை மாற்றியிருந்தார். ஆனால் பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் 3 பார் அழுத்தத்துக்கு உரியது. டர்போ 1.5 பார் அழுத்தத்தில் எஞ்சினுக்குள் காற்றை ஊதும்போது, எரிபொருள் அழுத்தமும் அதோடு சேர்ந்து 4.5 பாருக்கு ஏறும். அங்கே அதே பம்ப் குறைவாகத்தான் தள்ளும். பெட்டியை மட்டும் படித்துவிட்டுப் பம்ப் வாங்குகிறவர், எரிபொருள் போதாமல் எஞ்சின் பழுதாகி, பின்னால் பிஸ்டனும் வாங்க வேண்டிவரும்.

மல்டிமீட்டரைப் பம்பின் முனையிலேயே வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட், பம்பில் 11.2. பழைய மெல்லிய ஒயரைச் சில இடங்களில் ஒட்டுப்போட்டு, ஒரு சுவிட்ச் வழியாக நேராகப் பேட்டரியோடு இணைத்திருந்தார். வோல்ட் குறைந்தது சின்ன விஷயம். எஞ்சின் நின்றால் காரின் கம்ப்யூட்டர் பம்பையும் நிறுத்த வேண்டும். இந்த இணைப்பில் அது நடக்காது. கார் சுவரில் மோதிக் குழாய் அறுந்தாலும் பம்ப் விடாமல் இறைத்துக்கொண்டிருக்கும். தடித்த ஒயரை ஃபியூஸ், ரிலே (சிறிய மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகப் போட்டேன். பழைய ஒயரைப் பேட்டரியிலிருந்து கழற்றி, கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டுக்குத் திருப்பி, ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் அதற்குக் கொடுத்தேன். அரை நாள் வேலைதான்.

வாடைக்குக் காரணம் குழாய். மேலே பளபளக்கும் எஃகுப் பின்னல், உள்ளே சாதாரண ரப்பர். எத்தனாலுக்கு அது தாங்காது. பின்னலை மடக்கிப் பிடித்தால் விரலில் ஈரம் ஒட்டியது. உள்ளே டெஃப்லான் உள்ள குழாய்தான் இதற்குச் சரி. விலை அதிகம்தான், அவர் புதிதாகப் போட்ட ரிம்மின் விலையை நான் கேட்கவில்லை.

கடைசியாக, பின்புறத்தில் இருந்த சிவப்பு கட்-ஆஃப் சுவிட்ச். விபத்து நடந்தால் வெளியே இருப்பவர் அதைத் திருகியதும் மின்சாரம் முழுவதும் அற்றுப்போக வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுத் திருகினேன். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியின் தொடர்பு மட்டும் அறுந்திருந்தது. எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் மறுபக்கத்திலிருந்து காருக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டிருந்தது. தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. "இதைப் பொருத்தியபோது திருகிப் பார்த்தீர்களா?" என்றேன்.

"எஞ்சின் ஓடாதபோது பார்த்தேன், அண்ணே."

ஆல்டர்னேட்டர் ஒயரை சுவிட்சின் பேட்டரிப் பக்கத்துக்கு மாற்றிய பிறகு, திருகும் வேலையை அவரிடமே விட்டேன். திருகியதும் பட்டறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.